மெழுகுக்குள் அசைவது

ஞாயிறு ஆராதனை முடிந்து திரும்பிய கிருபாவதி, ஈரக்குடையைச் சுவரில் சாய்த்தபோதுதான் அதைப் பார்த்தாள். மேசைமேல் கணவன் செய்து நிறுத்தியிருந்த, மெழுகு பூசிய கம்பித் தூணில் ஒரு சிறு புடைப்பு. காலையில் அது இல்லை.

அவள் கணவன் ஜேசுராஜ் போடி கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். காற்றிலேயே மின்சாரத்தைப் பாயவிடும் கருவியைப் பற்றிப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. பழைய போர்டு காரிலிருந்து கழற்றிய காயில் என்னும் கம்பிச்சுருள், பஸ் பேட்டரி, உப்புநீர் நிரப்பிய பாட்டில்கள், மூங்கில் குழாயில் ஆயிரம் சுற்றுச் செப்புக்கம்பி. முதலில் எல்லாம் வேடிக்கைக்குத்தான். தை மாதக் காய்ச்சலில் அவளுடைய வலது கை மரத்துத் தொங்கிப்போன பிறகு, "இந்தப் பொறியக் காட்டுனா நரம்புக்கு உசுரு வந்துரும், கிருபா" என்று சொல்லத் தொடங்கினான். இரண்டு கையாலும் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளும் நாளை நினைத்து அவளும் நம்பினாள்.

சாரல் ஈரம் இறங்காமலிருக்கக் கம்பிக்கு மெழுகு பூச வேண்டியிருந்தது. தேவாரம் ஊர்ச் சந்தையில் மலைத்தேன் அடையை மலிவாக வாங்கி வந்தான். அடையின் கண்களுக்குள், குழைந்த சோற்றுப் பருக்கைகளைப் போல, புழுக்கள்.

"வடிகட்டிருவோங்க."

"உருகிட்டா எல்லாம் மெழுகுதான். கிண்டு."

இடது கையால் கிண்டினாள். தெறித்த மெழுகு வலது புறங்கையில் விழுந்து உறைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. பிறகு உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அடியில், வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள்.

அன்றிலிருந்து வீடு முழுக்க ஒரு நாற்றம். புளித்த தேனும் வெந்த ஊனும் கலந்த அந்த வாடை தலையணையில் இருந்தது, குடிநீரில் இருந்தது, சோற்றுப்பானையைத் திறந்தால் ஆவியோடு எழுந்து அவள் தொண்டைக்குள் இறங்கியது. சோற்றைத் தள்ளி வைத்தாள்.

"என்னத்தா, பாயசம் வச்சு ஒரு வாரமா மூடி வச்சிருக்கியளா?" என்று பக்கத்து வீட்டு சங்கிலியம்மாள் சன்னல் வழியாகச் சிரித்தாள்.

அந்த ஞாயிறு மதியம் ஜேசுராஜ் சன்னல்களைச் சாத்தினான். ஒரு கதவு இடுக்கில் மட்டும் மழைவெளிச்சம் கசிந்தது.

"இங்கன வா. கையக் குடு."

"அதுல என்னமோ புடைச்சிருக்குங்க."

"சூட்டுல மெழுகு உப்பும். பயந்தாங்கொள்ளி!"

சுவிட்சைத் தட்டினான். கம்பிச்சுருள் ரீங்கரித்தது. தூணின் உச்சியிலிருந்து ஊதாநிற இழைகள் நெளிந்து இறங்கி அவளுடைய செத்த விரல்களைத் தேடின. காரமான ஒரு வாசனை மூக்கை அரித்தது. அந்த வெளிச்சத்தில் மெழுகு கண்ணாடிபோல் தெளிந்தது. உள்ளே, கம்பிச் சுற்றுகளுக்கு இடையே, வெள்ளையாக ஏதோ சுருண்டது. நீண்டது. மறுபடி சுருண்டது. ஒன்றல்ல. தூண் முழுக்க.

"என்னங்க... உள்ள அசையுது."

"உள்ள இல்ல கிருபா, ஒன் விரலு! விரலு அசையுது பாரு!"

பார்த்தாள். சுண்டுவிரல் மடங்கியது. அவள் மடக்கவில்லை.

"கர்த்தரே!" ஜேசுராஜ் அழுதுவிட்டான். சுவிட்சை அணைத்தான்.

இழைகள் மறைந்தன. ரீங்காரம் நிற்கவில்லை.

"சத்தம்..." என்றாள்.

"காதுக்குள்ள இன்னும் கேக்குதுல்ல? எனக்கும்தான்."

காதுக்குள் இல்லை. அவளுடைய மணிக்கட்டுக்குள். முழங்கைக்குள். தோலுக்கு அடியில் சோற்றுப் பருக்கைகள். வரிசை வரிசையாக. மேலே ஏறின.

இடுக்கு வெளிச்சம் புறங்கையில் விழுந்தது. குழிகளின் மேல் படிந்திருந்த தோல் மூடிகள் ஒவ்வொன்றாகப் பிளந்தன. வலி இல்லை. எதுவுமே தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அது அவள் சொல் கேட்கவில்லை.

கண்ணீர் மறைத்த கண்களோடு ஜேசுராஜ் அந்தக் கையை இரு கைகளிலும் ஏந்தினான். முத்தமிடக் குனிந்தான். அவன் மூச்சின் வெம்மை பட்டதும், குழிகளிலிருந்து வெள்ளைத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவன் உதடுகளை நோக்கி நிமிர்ந்தன.