செவ்வாய்க்கிழமை தடுத்த முகவரி

ஜெனிஃபாவுக்கு ஜெர்மனியிலிருந்து வந்த மூன்று மெயில்கள் அவள் கண்ணில் படவே இல்லை. விஷயம் தெரிந்தது 2006 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு, அங்கிருந்து வந்த போன் வழியாக. அங்கே ஆராய்ச்சி செய்ய அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் அங்குள்ள பேராசிரியர் அனுப்பியதெல்லாம், 'உங்கள் மெயிலைப் பெற இவர் விரும்பவில்லை' என்ற குறிப்போடு திரும்பிவிட்டது. மனிதருக்குக் கோபம். இன்று மாலை இடம் அடுத்த ஆளுக்குப் போகிறது. அடுத்த ஆள், அவளோடு வேலை பார்க்கும் அப்துல் சமத்.

அவர்கள் வேலை பார்த்தது ஆம்பூர் பக்கத்துப் பெரிய தோல் ஆராய்ச்சி நிலையத்தில். கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஃபீபிக்கு இருப்புக்கொள்ளவில்லை. குப்பை மெயில்களை வடிகட்டும் வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்றிடம் விட்டிருந்தார்கள். போன் போட்டாள்.

"நாங்க நிறுத்தல மேடம். போன வாரம் செவ்வாய்க்கிழமை யாரோ ஜெனிஃபா கணக்குல நுழைஞ்சு, அந்த முகவரியைத் தடுத்திருக்காங்க. உங்க லேப் கம்ப்யூட்டர்லேர்ந்துதான்."

அவள் பாஸ்வேர்டு லேப்பில் எல்லாருக்கும் தெரியும். சமத்துதான் செய்திருப்பான் என்றாள் ஜெனிஃபா. லேப் தலைவர் தேவானந்தமும் வருத்தப்பட்டார். பேராசிரியரே தனக்கு எழுதி அவளைப் பற்றி விசாரித்ததையும், தான் உயர்வாகப் பதில் போட்டதையும் சொன்னார்.

பிற்பகல் மூன்று. சமத்தைக் கேட்டாள் ஃபீபி. தான் விண்ணப்பம் போட்டது அங்குள்ள ஆபீஸ் முகவரிக்கு, வேறு முகவரி தெரியாது என்றான். வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவள் சட்டென்று நின்றாள். மறுபடி சென்னைக்குப் போன் போட்டு, வந்த பதிலோடு நேரே தேவானந்தத்தின் அறைக்குப் போனாள். பின்னாலேயே ஜெனிஃபா.

"சார், தடுத்தது ஆபீஸ் முகவரியை இல்ல, பேராசிரியரோட சொந்த முகவரியை. தடுத்தது செவ்வாய். அவர் ஜெனிஃபாவுக்கு முதல்ல எழுதினதே வியாழன். சமத்துக்கு அதுலேர்ந்து எதுவும் வரல. செவ்வாய்க்கு முன்னாடி அந்த முகவரிலேர்ந்து மெயில் வந்தது உங்க ஒருத்தருக்குத்தான்."

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் எழுதினேன் ஃபீபி. அனுப்பினப்புறம் தூக்கம் வரல. இவ போய்ட்டா இந்த லேப்ல இன்னா இருக்கு?"

ஃபீபி ஜெர்மனி எண்ணை அழுத்தி ரிசீவரை நீட்டினாள். "இதை அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க சார்."

சொன்னார். ஜெனிஃபா கதவருகே நகத்தைக் கடித்தபடி நின்றாள். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே, "செப்டம்பர்ல வரச் சொல்றாரு," என்றார்.

அவள் நன்றி சொல்லவில்லை. சமத்தைத் தேடிப் படியிறங்கினாள்.