நாற்பத்தொன்றில் ஒரு வல்லூறு

வல்லூறு மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர் போகக்கூடிய வண்டி. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நாற்பத்தொன்றில் போய்க்கொண்டிருந்தது. வண்டி வாங்குவோர் ஓட்டிப் பார்க்கும் ஓடுதளத்தின் ஓரத்தில் நின்ற கொக்கு ஒன்று தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தது. பறக்கத் தேவையில்லை என்று முடிவுசெய்து மறுபடி புல்லுக்குள் பூச்சி தேடப் போய்விட்டது.

பரிதி மிதியை அடிவரை மிதித்திருந்தான். வண்டி கேட்கவில்லை. முன்னால் இருந்த சிறு திரையில் ‘இசைவு வேகம் 41’ என்ற எழுத்துகள் அசையாமல் நின்றன.

“ஏனுங்க, இது ரிப்பேர் வண்டிங்களா?” என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி இளவேனில்.

“வண்டி நல்லாத்தான் இருக்குது. இதுக்குள்ள யாரோ பயப்படறாங்க” என்றான் பரிதி. சொல்லும்போதே அவன் கண் கண்ணாடி வழியாகப் பின்னிருக்கைக்குப் போனது. அங்கே எட்டு வயது ஆதிரையும் ஐந்து வயது நிலனும் இருக்கை வார்களை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் பயப்படலை” என்றாள் ஆதிரை உடனே.

நிலன் வாயைத் திறந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரநாட்களில் கோயம்புத்தூரில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. தன்னோட்டி வாசலுக்கு வரும், ஏற்றிக்கொள்ளும், இறக்கிவிடும். உள்ளே இருப்பவர்கள் தலை சீவுவார்கள், மீதித் தூக்கத்தைத் தூங்குவார்கள். கையில் ஸ்டியரிங் பிடித்தே ஆகவேண்டும் என்று அரிப்பு உள்ளவர்களுக்குத்தான் சனி, ஞாயிறு மட்டும் கையோட்டி வண்டிகள். அந்த இரண்டு நாட்களில் சாலையில் வேகவரம்புப் பலகை கிடையாது. பதிலாக ஒவ்வொரு இருக்கைக்குள்ளும் அச்சமானி என்ற நுண்ணிழை ஓடுகிறது. உட்கார்ந்திருப்பவரின் நாடியை, வியர்வையை, மூச்சை அது பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டிக்குள் இருப்பவர்களில் யாருக்கு அதிக பயமோ அவருக்குத் தாங்கும் வேகம்தான் வண்டியின் வேகம். சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. விபத்துப் பிரிவு இருந்த மருத்துவமனைக் கட்டடங்களில் இப்போது பல் கட்டுகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். பயந்தவர் யார் என்று அச்சமானி சொல்லாது. முதல் ஆண்டில் சொல்லிக்கொண்டிருந்தது. பயந்தவரின் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். வீடு வந்து சேரும்வரை கேலி செய்தே ஆளைக் கொன்றார்கள். நிச்சயமான இரண்டு கல்யாணங்கள் நின்றுபோயின. பயந்தவரின் மானத்தைக் காக்க வேண்டும் என்று அரசு விளக்கைப் பிடுங்கியது. அதன்பிறகு குடும்பங்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டன. வண்டிக்குள் இருப்பதிலேயே சின்னது எதுவோ, அதுதான் பயந்தது.

அந்த ஓடுதளத்தை நடத்திய வண்டிக்கடையில் ரித்தீஷ் என்ற பழங்காலத்துப் பெயர் கொண்ட பெரியவர் விற்பனையாளராக இருந்தார். குழந்தைகள் இருக்கிற வீடு என்றதும் அவர் முதலில் காட்டியது ‘கூடாரம்’. பெட்டி போன்ற வண்டி. இருக்கையைக் கழற்றித் தண்ணீர் விட்டு அலசலாம். யார் எந்த வளைவில் வாந்தி எடுத்தாலும் கவலை இல்லை. இளவேனிலுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது. ஆதிரைக்கு அதில் ஐஸ்பெட்டி இருந்தது பிடித்தது. பரிதி கூடாரத்தைச் சுற்றி மரியாதைக்கு ஒரு நடை நடந்துவிட்டு, மூலையில் கருஞ்சிவப்பில் தாழ்ந்து படுத்திருந்த வல்லூறின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

அவன் பதினாறு வயதில் சிறுவர் பந்தயத்தில் இரண்டு கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பைகளில் இப்போது ஆதிரையின் வண்ணப் பென்சில்கள் இருக்கின்றன. அதைப் பற்றி அவனுக்கு வருத்தமில்லை என்று சொல்லிக்கொள்வான். வல்லூறின் பின்பக்கம் இரண்டு குழந்தை இருக்கைகள் இம்மி பிசகாமல் பொருந்தின. அவற்றின் வார்களை அவன் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தான். அந்த வகையில் அதுதான் கடைசி வண்டி. திருப்பூரில் இன்னொருவரும் கேட்டிருந்தார்.

“நாலு ஞாயித்துக்கெழமை வெச்சிருக்கனுங்க தம்பி” என்றார் ரித்தீஷ். “அதுக்குள்ள முடிவு பண்ணீருங்க.”

பரிதி படித்தவன். சும்மா யார்மேலும் பழி போடவில்லை. முறையாகச் சோதித்தான். தனியாகப் போனான். நூற்று நாற்பது. இளவேனிலோடு போனான். நூற்று இருபத்தெட்டு. ஆதிரையையும் ஏற்றினான். ஐம்பத்து மூன்று. நிலனும் ஏறியதும் நாற்பத்தொன்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. ஆதிரைக்குக் கொஞ்சம் பயம், நிலனுக்கு நிறைய பயம்.

வண்டி நின்றதும் குனிந்து கேட்டான். “நிலன் கண்ணு, வண்டி போறப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?”

“வயித்துக்குள்ள குருவி பறந்துச்சுப்பா.”

“சாமி, அதுதான் பயம்” என்றான் பரிதி அன்பாக. “பரவால்ல. அப்பா அதைச் சரி பண்ணித் தர்றேன்.”

அவன் கத்தவில்லை, கேலி செய்யவில்லை. அந்த விஷயத்தில் நல்ல அப்பா. சாயங்காலங்களில் பையனை ராட்டினத்துக்குக் கூட்டிப்போனான். சோபாவில் உட்காரவைத்துப் பந்தய ஒலிகளைப் போட்டுக் காட்டினான். மூச்சை நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விடச் சொல்லிக்கொடுத்தான். பயம் வரும்போது பக்கத்தில் பார்க்காமல் தூரத்துத் தென்னைகளை எண்ணவேண்டும் என்றான். நிலன் எல்லாவற்றையும் அக்கறையாகச் செய்தான். குளிக்கும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மூச்சு விட்டான்.

இரண்டாம் ஞாயிறு வண்டி நாற்பதில் போனது. மூன்றாம் ஞாயிறு முப்பத்தெட்டு.

அன்று தன்னோட்டியில் வீடு திரும்பினார்கள். வாசலில் இறங்கியதும் நிலன் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தான்.

“அப்பா, நீங்க மூணு பேரும் அந்தச் செவப்பு வண்டில போங்க. நான் பக்கத்து வூட்ல இருந்துக்கறேன். எனக்கு வண்டியே புடிக்காதுப்பா.”

அவன் பொய் சொல்கிறான் என்று பரிதிக்குத் தெரிந்தது. பொம்மை வண்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிற பையன். ஐந்து வயதில் ஒரு பிள்ளை தன்னைக் கழித்துக்கொண்டு கணக்கை நேர்செய்யப் பார்க்கிறது. பரிதி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வெளியே வந்து, கூடாரத்தையே வாங்கிக்கொள்ளலாம் என்று இளவேனிலிடம் சொன்னான்.

நான்காம் ஞாயிறு அதற்காகத்தான் போனார்கள். கூடாரத்துக்கான தாள்களை ரித்தீஷ் எடுத்துவைத்திருந்தார். பேனாவைக் கையில் வாங்கிய பரிதி மூலையில் இருந்த வல்லூறைப் பார்த்தான்.

“அண்ணா, கடைசியா ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா? இவங்க மூணு பேரும் அந்த வண்டில வர்ற மாதிரி. வீட்ல மாட்டிக்கறேன்.”

“தாராளமா எடுங்க” என்றார் ரித்தீஷ். ஆனால் அவர் முகம் ஒரு கணம் மாறியது. ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டவர்போல் மேசை மேல் இருந்த தாள்களைத் தட்டிச் சரிசெய்தார்.

இளவேனிலிடம் பத்து ஆண்டுகளாகக் கையோட்டி உரிமம் இருந்தது. பயன்படுத்த வாய்ப்பு வந்ததில்லை. எந்த வண்டியானாலும் பரிதி முந்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிடுவான். இன்று அவள் ஏறினாள். குழந்தைகள் பின்னால் ஏறினார்கள். பரிதி நீண்ட நேர்ப்பாதையின் ஓரத்தில், தடுப்புக்கு இந்தப்புறம், கைப்பேசியைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. நாற்பதில் வரும் வண்டி இந்த இடத்துக்கு எப்போது வரும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினான்.

பாதிகூட எண்ணவில்லை.

வளைவில் கருஞ்சிவப்பாக ஒன்று தெரிந்தது. உடனே அது அவனைக் கடந்துவிட்டது. ஒலி பின்னால் வந்தது. கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன. அந்த ஒரு நொடியில் பரிதி பின் ஜன்னலில் நிலனின் முகத்தைப் பார்த்தான். பையன் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கைப்பேசியில் வெறும் சாலைதான் பதிவாகியிருந்தது.

பரிதிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை நனைந்துவிட்டது. நிறுத்து, நிறுத்து என்று யாருக்கும் கேட்காத தொலைவில் நின்று கத்தினான். அப்புறம்தான் அவனுக்குத் தன் குரல் கேட்டது. நான்கு வாரம் செய்த சோதனையில், எல்லாரையும் ஒவ்வொருவராக ஏற்றியும் இறக்கியும் பார்த்தவன், ஒரே ஓர் ஆளை மட்டும் வண்டியைவிட்டு இறக்கிப் பார்க்கவே இல்லை.

ரித்தீஷ் பின்னால் வந்து நின்றிருந்தார். தோளில் கையை வைத்தார்.

“நூத்திப் பதினெட்டுங்க. கடைக்குள்ள இருக்கற திரைல பார்த்தேன்.”

“உங்களுக்கு முன்னாலயே தெரியுங்களா அண்ணா?”

“தெரியுங்க. வர்ற அப்பாமாருங்க முக்காவாசிப் பேருக்கு இதுதான். சொன்னா யாரும் வண்டி வாங்க மாட்டாங்க. பையன் பெரியவனானா சரியாப் போயிருமுங்கனு சொல்லித்தான் விக்கறோம்.” கொஞ்சம் தயங்கினார். “இன்னைக்குப் பையனுக்குப் பயம் தெளிஞ்சுருச்சுனு சொல்லிக்கலாமுங்க. உங்க தலைக்கு மேல வெளக்கா எரியுது? யாருக்கும் தெரியப்போறதில்ல.”

பரிதி அதை யோசிக்காமல் இல்லை. இரண்டு கோப்பை வாங்கியவன். சட்டமே அவன் மானத்துக்குக் காவல் நின்றது. பையனும் அதைக் கேட்டு மகிழ்ந்துதான் போவான்.

“பெரியவனானா சரியாப் போயிருங்களா?” என்று கேட்டான்.

ரித்தீஷ் சிரித்தார். “எம் பையனுக்கு இருபத்தாறு முடிஞ்சுருச்சுங்க. அவன் ஓட்டற வண்டில நான் ஏறுனா இன்னைக்கும் நாப்பதைத் தாண்டறதில்ல. அவனுக்குக் கண்ணாலமாயிருச்சு. பயப்படறது பொண்டாட்டிதான்னு இன்னும் அவ மேல பழி போட்டுட்டிருக்கான், பாவம்.”

வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. இளவேனில் இறங்கினாள். தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, இருபது வயதுப் பெண்போல் இருந்தாள். அவளுக்குக் குழந்தைகளின் காய்ச்சல் பயம், இருமல் பயம், கிணற்றடிப் பயம் எல்லாம் உண்டு. ஸ்டியரிங் தன் கையில் இருக்கும்போது மட்டும் பயமில்லை. கணவனின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

நிலன் ஓடி வந்தான். அருகில் வந்ததும் அவன் ஓட்டம் குறைந்தது. தப்பு ஏதும் செய்துவிட்டோமோ என்பதுபோல் நின்றான்.

“அப்பா, இன்னைக்கும் குருவி பறந்துச்சு. ஆனா வண்டி வேகமாப் போயிருச்சு. எப்படிப்பா?”

பரிதி சூடான தார்த்தளத்திலேயே மண்டியிட்டான்.

“அது பயமில்ல சாமி. அது சந்தோசம். அப்பா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

“எனக்குப் புடிச்சுத்தான் இருந்துச்சு. நீங்க பயம்னு சொன்னீங்கள்ல. அதனால பயம்னு நெனச்சுட்டேன்.”

“பயந்தது நான்தான் கண்ணு. ஒரு நாளும் நீ இல்ல. முதல் வாரத்துல இருந்தே நான்தான்.”

நிலன் நம்பவில்லை. “நீங்க கப்பு வாங்குனீங்கள்ல?”

“கப்பு வாங்குனப்ப அந்த வண்டில நான் மட்டுந்தான் இருந்தேன்.”

இளவேனிலும் குனிந்து பையனின் தலையைத் தடவினாள். “நானும் உன்னையத்தான் நெனச்சுட்டேன் கண்ணு” என்றாள். ஆதிரை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் பயப்படலைனு மொதல்லயே சொன்னேன். இந்த வீட்ல யாரு கேக்கறாங்க?”

நிலன் அப்பாவின் கன்னத்தில் கையை வைத்து, நான்கு வாரமாகத் தான் கேட்ட அதே குரலில், அதே அன்போடு சொன்னான். “பரவால்லப்பா. நான் சரி பண்ணித் தர்றேன்.”

வல்லூறைத்தான் வாங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு வால்பாறைக்குக் கிளம்பினார்கள். பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு போகும் சாலையில் இருபுறமும் தென்னந்தோப்புகள். பரிதி ஓட்டினான். இருநூற்று நாற்பது போகக்கூடிய வண்டி முப்பத்தொன்பதில் போனது. முன்னாலும் பின்னாலும் பளபளக்கும் கையோட்டி வண்டிகள், எல்லாம் அதே வேகத்தில், கோயில் ஊர்வலம்போல. ஒவ்வொன்றின் பின்னிருக்கையிலும் சின்னத் தலைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அப்பா கண்ணாடி வழியாக அந்தத் தலைகளைப் பார்த்து, சீக்கிரம் வளருங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ரித்தீஷ் சொன்னது அவர்களுக்குத் தெரியாது.

“அப்பா, பக்கத்துல பாக்காதீங்க. தூரத்துத் தென்னையை எண்ணுங்க” என்றது பின்னாலிருந்து குரல்.

பரிதி எண்ணினான்.

“மூச்சு இழுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப வுடுங்க.”

பரிதி விட்டான். திரையில் நாற்பது வந்தது. சற்று நேரத்தில் நாற்பத்தொன்று. இளவேனில் வெளியே பார்ப்பதுபோல் திரும்பிச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். நிலனுக்குப் பெருமை தாங்கவில்லை. வார் இழுக்கும்வரை முன்னால் சாய்ந்து, தன் சின்னக் கையை அப்பாவின் தோள்மேல் வைத்தான்.

“அப்படித்தாம்ப்பா. பயப்படாதீங்க. நான் உங்க பின்னாடியேதான் இருக்கேன்.”

வண்டி முப்பத்தெட்டுக்கு இறங்கியது.