நடுச்சுவர் கப்போர்டு

எங்கள் வீட்டுக் கப்போர்டைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்ததுண்டு. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என் கணவர் சிவபிரகாஷ் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, "மணிமேகலை கப்போர்டை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க, கடை மாதிரி வச்சிருக்கா" என்பார். மேல்தட்டில் பழைய மிக்சி, டேபிள் ஃபேன், ஸ்டெபிலைசர், எல்லாம் அதனதன் அட்டைப்பெட்டியில் இருக்கும். நடுத்தட்டில் ஓய்ந்துபோன செல்போன்கள், ரவுட்டர், செட்டாப் பாக்ஸ். ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில், எந்த சார்ஜர் எதற்கு என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருப்பேன். ஒயர்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். கெட்டிக்காரி என்று தெருவில் பெயர்.

அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். ஒழுங்குக்காக அடுக்கியதல்ல அது. அடித்தட்டில், சுவரோடு சுவராக, ஓர் ஆக்சிஜன் மிஷின் இருந்தது. அது யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் ஐந்து வருஷமாக அதற்கு முன்னால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

நாகல் நகரில் எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கேட், நடுவில் ஒரே சுவர். எங்கள் கப்போர்டு அந்தச் சுவரில்தான். அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் சோலைமுத்துவும் அவர் மனைவி கண்ணம்மாளும். கொரோனா இரண்டாம் அலையில் என் கணவர் பிழைத்து வந்தபோது டாக்டர் சொன்னார் என்று அந்த மிஷினை வாங்கினோம். பத்து நாளில் அவர் தேறிவிட்டார், கழற்றிவிடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மறுநாள் இரவு கண்ணம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு மூச்சு வாங்குது. எங்கயும் பெட் இல்லங்கறாங்க. அந்த மிஷினை ஒரு ராத்திரிக்கு மட்டும் குடுங்க."

நான் கதவைப் பாதிதான் திறந்திருந்தேன். "அது வாடகைக்கு எடுத்தது, கண்ணம்மா. சாயங்காலந்தான் வந்து தூக்கிட்டுப் போனாங்க" என்றேன். வாய் கூசாமல் வந்தது. என் கணவருக்கு மறுபடி முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். வேறொன்றும் இல்லை. பயம்தான் என்றால் பாவம் குறைந்துவிடுமா?

"சரிக்கா" என்று போய்விட்டாள்.

சோலைமுத்து விடிவதற்குள், ஆஸ்பத்திரி தேடிப் போன ஆட்டோவிலேயே உயிரை விட்டார். என் கணவர் அன்று கட்டிலில்தான் படுத்திருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். அதைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மிஷினை விற்கவும் முடியவில்லை. கேட்டைத் தாண்டினால் கண்ணம்மாள் பார்த்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

போன மாதம் கப்போர்டில் கரையான் ஏறிவிட்டது. பலகை மாற்ற ஆசாரி மறுநாள் வருவதாகச் சொன்னார். அதற்குள் மிஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையால் மூடிவிட வேண்டும். அன்று மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் கிடையாது. கணவர் டைல்ஸ் கடைக்குப் போய்விட்டார். எனக்கு வசதியாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஆரம்பித்தேன். வெயில் திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு கோடாக விழுந்தது. ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, தெருவில் மாவு மில் இல்லை. ஷட்டவுன் நாளில் ஊருக்கு வரும் அமைதி ஒரு தனி தினுசு. நாம் விடும் மூச்சே நமக்குக் கேட்கும்.

பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். கரையான் மண்ணும் பழைய அட்டையும் கலந்த வாடை. மிக்சிப் பெட்டியை இறக்கினேன். ஸ்டெபிலைசரை இறக்கினேன்.

அப்போது கேட்டது.

மெல்லிய உறுமல். ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை, 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு.

கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். ஃபேன் அசையவில்லை. சுவிட்சைத் தட்டினேன். விளக்கு எரியவில்லை.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணம்மாளின் தையல் மிஷின்கூட மோட்டார்தான், கரண்ட் இல்லாமல் அதுவும் ஓடாது என்பது செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது. கடைசி வரிசைப் பெட்டிகளையும் இழுத்துப் போட்டேன்.

மிஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே கைவிட்டு ஒயரைத் தேடினேன். நான் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. சுருட்டிய ஒயர், அதன் நுனியில் பிளக். மூன்று பித்தளைக் காலும் என் உள்ளங்கையில் குத்தின.

பிளக் என் கையில். மிஷின் ஓடுகிறது.

மேலே சுற்றி வைத்திருந்த மூக்குக் குழாயைத் தொட்டேன். ஐந்து வருஷம் பெட்டிக்குப் பின்னால் கிடந்த குழாய்.

வெதுவெதுப்பாக இருந்தது. முனை ஈரமாக இருந்தது.

யாரோ இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல்.

நான் கத்தவில்லை. கத்துவதற்குக்கூட எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது. எழுந்து வெளியே ஓடினேன். அதுவரை எவள் கண்ணில் படக்கூடாது என்று பயந்தேனோ அவள் வீட்டுக்குத்தான் ஓடினேன். வேறு யாரிடம் போவது?

கண்ணம்மாள் வாசலில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எங்க வீட்டுக்கு வா, கண்ணம்மா. ஒண்ணு காட்டணும்."

அவள் வந்தாள். படுக்கையறை முழுக்கப் பெட்டிகள் சிதறிக் கிடந்தன. கப்போர்டின் முன்னால் குனிந்து, அவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"இந்தச் சத்தந்தான்" என்றாள் மெதுவாக. "ஷட்டவுன் அன்னிக்கெல்லாம் சுவத்துல கேக்கும்க்கா. இன்வெர்ட்டர் போட்டு அண்ணனுக்கு ஓட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"எங்க வீட்ல இன்வெர்ட்டரே இல்லையே."

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"அன்னிக்கு நீ வந்து கேட்டப்ப இது இங்கதான் இருந்துச்சு. வாடகைன்னு பொய் சொன்னேன். என்னய என்ன வேணாலும் சொல்லு."

"தெரியும்க்கா."

நான் அவளைப் பார்த்தேன்.

"வாடகை மிஷினாம், தூக்கிட்டுப் போயிட்டாங்களாம்னு அவர்ட்டப் போயிச் சொன்னேன். இழுக்க மாட்டாம இழுத்துக்கிட்டுக் கெடந்தவரு சிரிச்சாரு. புதுப் பெட்டி, நாந்தான பிரிச்சு மாட்டுனேன்னாரு. பயந்துட்டாங்க, விடு, மறுபடி போயிக் கேக்காதன்னாரு."

அதை நான் மறந்தே போயிருந்தேன். அந்தப் பெட்டியின் டேப்பைத் தன் டெஸ்டரால் கிழித்து, மிஷினை எடுத்து மாட்டிக் கொடுத்தது சோலைமுத்துதான். ஓர் எலக்ட்ரீஷியனிடம், அவர் கையால் மாட்டிய மிஷினைப் பற்றிப் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவரும் அதைத் தெரிந்துகொண்டே செத்துப் போயிருக்கிறார்.

இத்தனை வருஷமும் கூட்டோ பொரியலோ, வெஞ்சனம் எது வைத்தாலும் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தவள் இவள். ஒவ்வொரு கிண்ணத்தையும் தெரிந்துகொண்டேதான் கொடுத்திருக்கிறாள்.

"ஏன் கண்ணம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"அவரு கேக்காதன்னுட்டாரு" என்றாள். "கேட்டிருக்கணும். கதவ ஒடச்சாவது எடுத்திருக்கணும். அந்த ஆத்தாமை எனக்கும் இருக்கு."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து மிஷினை வெளியே இழுத்தாள். அடியில் சக்கரம் இருந்ததால் தரையில் உருண்டு வந்தது. ஒயரையும் குழாயையும் அதன் மேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போறேன்க்கா."

"இப்ப எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் கேட்டது இதத்தான?" என்றாள்.

படி இறங்கும்போது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மிஷினின் உறுமல் என் கைவழியே தோள்வரை ஏறியது. வெயிலில், பொது வாசலில், தெருவே பார்க்கும்படி அதை அவள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்து வெறும் கப்போர்டின் முன்னால் உட்கார்ந்தேன். அடித்தட்டில் தூசி படியாத ஒரு சதுரம். அழுகை வந்தது. சத்தமாகவே அழுதேன்.

அழுது ஓய்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் கேட்டது. 'புஸ்' என்ற பெருமூச்சும் கேட்டது. காதைச் சுவரில் வைத்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது.

கண்ணம்மாளின் குரல். யாருக்கோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

"மெதுவா இழுங்க. அவசரமில்ல."

'புஸ்' என்றது மிஷின்.

"ஆமாங்க. அக்காதான் குடுத்தாங்க."

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் இரண்டு தடவை இருமும் சத்தம். பிறகு நிம்மதியாக இழுத்து விட்ட மூச்சு.

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.