தல்லாகுளத்தைக் காட்டிய எண்

ஜுல்பிகரின் அடக்கம் முடிந்த நாற்பத்தொன்றாம் நாள், அவர் மெயிலுக்குள் யாரோ நுழைந்திருந்தார்கள்.

தகவல் அவர் மனைவி நாஸியாவின் போனுக்கு வந்தது. மதியம் பன்னிரண்டே கால், கீழே ஓர் ஐபி எண். செல்லூர்ச் சந்தின் விசைத்தறிகள் சுவர் அதிர அடித்துக்கொண்டிருக்க, ஆறிப்போன கஞ்சியின் வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து கிடந்த அறையில், அழவோ பயப்படவோ தோன்றாமல் அவள் அந்த எண்ணை இணையத்தில் போட்டுத் தேடினாள். உரிமை: ஓர் இன்டர்நெட் கம்பெனி. இடம்: மதுரை. வரைபடத்தில் தல்லாகுளத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

அவருடைய போட்டோக்கள், குரல் பதிவுகள் எல்லாம் அந்த மெயிலில்தான் இருந்தன. எவனாவது அழித்துவிட்டால் அவர் இரண்டாம் தடவை போனதாக ஆகிவிடும். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா முடியும்வரை அவள் வாசல் தாண்டக்கூடாது. துணைக்கு இருந்த தம்பி பாதுஷாவை அந்தப் புள்ளிக்கு அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, இது நெட் கம்பெனி ஆபீசு. புள்ளி ஆபீசத்தான் காட்டுமாம், ஆளக் காட்டாதாம். 'எங்க மச்சான் மெயிலுக்குள்ள யாருய்யா'ன்னு கேட்டா சிரிக்கிறானுக. ஆமா, நம்ம வீட்டு வைஃபை நம்பரப் பாத்தியா?"

பார்த்தாள். தகவலில் வந்த அதே எண்; ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வைஃபைய ஓசில அடிக்கிறான். பெட்டிய ஆஃப் பண்ணு. இந்தா வாரேன்."

அணைத்தாள். மணி ஒன்று. சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றன. வீடு முழுக்க அமைதி இறங்கியது.

மறுபடி தகவல். வேறு எண். உரிமை: அவளுடைய சிம் கம்பெனி. இடம்: சென்னை. அவள் போனின் ஐபி எண்ணும் அதுவேதான்.

பாதுஷாவைக் கூப்பிட்டாள்.

"மொபைல் நெட்டுல ஒரே நம்பர்ல ஆயிரம் பேரு இருப்பாங்கக்கா. எவனோ மெட்ராஸ்காரன். பாலத்துல நிக்கிறேன், அம்புட்டு டிராபிக்."

மூச்சு வந்தது. பிறகுதான் திரையின் உச்சியைப் பார்த்தாள். ஹாட்ஸ்பாட்: அவள் போனின் நெட்டைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனுக்குத் தருவது. அவள் போடவில்லை.

இணைந்திருப்பது: ஒன்று.

அடுப்படிக்குப் போனாள். ஒன்று. மாடிப்படி ஏறினாள். ஒன்று. இறங்கி வாசலுக்கு வந்தாள். ஒன்று.

நிலைப்படியில் நின்றாள். அதற்கு மேல் கால் போகவில்லை.

அணைத்தாள்.

பிடரிக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். நெட் அறுந்தால் அவர் கொட்டுவதுபோல. சலிப்பாக.

நாஸியா திரும்பவில்லை. விரல் தானாகப் போய் ஹாட்ஸ்பாட்டை மறுபடி போட்டுவிட்டது.

ஒன்று.