பத்து நொடிக்கு ஒரு தரம்

ஜமுனாமரத்தூரில் பூங்கோதை பேருந்திலிருந்து இறங்கியபோது மதியம்தான். ஆனாலும் எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். பழைய மாடி வீட்டின் வாசலில் வீட்டுக்காரர் பச்சையம்மா சாவியோடு நின்றிருந்தார்.

“இன்னாம்மா, தனியாவா வந்த? தம்பி ரூமு அப்படியே கீது. கரண்ட்டக்கூட அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

அறையில் நனைந்த துணியின் வாடை. மேசையில் தம்பி அருள்மணியின் ரவுட்டர் தூசி படிந்து, விளக்கில்லாமல் கிடந்தது. ஒயரைச் சுருட்டினாள். பெட்டியை அவனுடைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அக்காவும் தம்பியும் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குச் சேர்ந்தே படித்தார்கள். மலைமேல் அவன் ரவுட்டர், அடிவாரத்து ஒடுகத்தூரில் அவளுடையது. நடுவே இணையத்தின் வழியாக, இரண்டையும் நேராக இணைக்கும் சுரங்கப்பாதைபோல ஒரு டன்னல். உலகம் கைவிட்ட ஐ.பி.எக்ஸ் என்ற பழைய நெறிமுறையை அதற்குள் ஓட்டிப் பார்ப்பதில் அவனுக்குக் கொள்ளை ஆசை.

“செத்துப்போன பாஷைக்கா. நம்ம ரெண்டு பேரு மட்டும் பேசிக்கலாம்.”

கடைசி நாளன்று டன்னலுக்குள் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை.

“உன் பக்கம் ஒருவாட்டி பாருக்கா” என்று போனில் கெஞ்சினான்.

“இங்க டன்னல் ‘அப்’பு, ஓடுதுன்னுதான் காட்டுது. தப்பு உன்னுது. நீயே வந்து பாத்துக்க.”

“இந்தப் பக்கம் ஆளே இல்லன்னாலும் அது ‘அப்’புனு பொய் சொல்லும். கீப்அலைவ் போடுன்னு எத்தினி வாட்டி சொல்றது? சரி, வர்றேன். டீ போட்டு வை.”

பைக்கில் கிளம்பினான். பனி மூடிய மலைப்பாதையில் ஏழாவது வளைவை அவன் தாண்டவில்லை.

வீடு திரும்பியதும், பையைத் தோளிலிருந்து இறக்காமலே மடிக்கணினியைத் திறந்தாள். டன்னலை அழித்துவிட வேண்டும். அதற்காகத்தான், நாற்பது நாளில் முதன்முறையாக, தன் ரவுட்டரில் தான் எழுதிய வரிகளைப் படித்தாள்.

அவனுடைய ரவுட்டர் முகவரியில் ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

அவள் தட்டிய ஆறு.

அழக்கூட வரவில்லை. ஆறை ஒன்பதாக்கினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்த கீப்அலைவ் வரியையும் போட்டாள். இனி பத்து நொடிக்கு ஒரு தரம் ரவுட்டர் எதிர்முனையைக் கூப்பிடும். தொடர்ந்து மூன்று தரம் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்து டன்னல் விழுந்துவிடும். தானாகவே விழட்டும். கையால் அழிக்க அவளுக்குத் தெம்பில்லை.

பத்து.

இருபது.

முப்பது.

விழவில்லை.

பையைத் திறந்து பார்த்தாள். சுருட்டிய ஒயர் சுருட்டியபடியே இருந்தது. துண்டுக்குள் பெட்டி சில்லென்று கிடந்தது.

திரையில், வந்த பதில்கள்: மூன்று.

“தப்பு என்னுதுடா” என்று கிசுகிசுத்தாள். “உன்னுது இல்ல.”

பத்து நொடி எதுவும் அசையவில்லை.

பிறகு, மூன்று நான்கானது.