நான்காவது ஸ்குரூ

இடுப்பு விட்டுப்போயிருந்தது. முந்தின நாள் முழுக்கச் சமையலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து மடிக்கணினியைப் பிரித்துப் பூட்டிய வலி. பவானேஸ்வரி ஒரு தலையணையை முதுகுக்குக் கொடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் வெட்டிய காலத்தில், பள்ளி விடுமுறைக்கு விடுமுறை உதிரிப்பழம் பொறுக்கியவள் அவள். இடுப்பு வலி பழகியதுதான். பழகாதது, திரையில் எழுத்து வந்த விதம்.

ஒரு எழுத்தைத் தட்டினால் உடனே வந்தது. அடுத்ததைத் தட்டினால் தயங்கி, இழுத்து, அப்புறம் வந்தது. மறுபடி ஒன்று உடனே. மறுபடி ஒன்று இழுத்து. மெதுவாகிப்போன கணினி எல்லா எழுத்தையும் ஒரே மாதிரிதான் தாமதிக்கும். இது ஒன்றுவிட்டு ஒன்று தாமதித்தது.

மணி இரண்டே கால். ஐந்து மணிக்குள் லாரி கம்பெனியின் இருநூற்றுப் பன்னிரண்டு டெலிவரி சீட்டுகளையும் கணினியில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. மூன்றாவது தடவையும் ஆனால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் மிஷேல் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள். பழுதான கணினியைக் கடையில் கொடுத்தால் இரண்டு வாரம் ஆகும் என்றதால்தான், உள்ளே சூட்டைத் தணிக்கும் காத்தாடியும் பசையும் வாங்கி, வீடியோவைப் பார்த்துத் தானே பிரித்தாள்.

ஜொகூரில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் வசந்தனுக்குப் போன் போட்டாள்.

"அடச்சுத் தொறந்து பாத்தியா?"

"மூணு தடவ பண்ணிட்டேண்ணே."

"உள்ள எதுனா ஒன்னு சும்மா ஓடிக்கிட்டு இருக்கும். பாரு."

"ஒன்னும் ஓடல. எல்லாம் செவனேன்னு கெடக்கு."

"அப்ப சூடுலா. பசைய ஒழுங்கா தடவியிருக்க மாட்ட. சூடானா அதுவே மெதுவாயிரும், லோரி எஞ்சின் மாதிரி. சூடு காட்டுற ஆப் ஒன்னு அனுப்புறேன், போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். திரையின் மூலையில் ஒரு எண் வந்து நின்றது.

"முப்பத்தேழுண்ணே."

"நல்லா பாரு. சும்மா இருந்தாலே நாப்பதுக்கு மேல காட்டும். வேல செஞ்சா எழுவது, எம்பது."

"முப்பத்தேழுதான். அசையவே இல்ல."

வசந்தன் சிரித்தான். "நீ கம்ப்யூட்டரப் பூட்டுனியா, ஆளப் பூட்டுனியா? சரி, வேலையப் பாரு. சூடு ஏறுனா சொல்லு."

மழை பிடித்துக்கொண்டது. கார் நிற்காத கார் கொட்டகையின் தகரக் கூரையில் முதலில் பொட்டுப் பொட்டாக விழுந்து, பிறகு மொத்தமாகக் கொட்டி, தாமான் குடியிருப்பு முழுவதையும் ஒரே இரைச்சலால் மூடியது; பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும், முனைக் கடையில் பாத்திரம் கழுவும் சத்தமும், எல்லாமும் அதற்குள் போய்விட, அவள் காதுக்கு மிஞ்சியது விசைகளின் சத்தமும் அதற்கடியில் புதுக் காத்தாடியின் மூச்சும் மட்டும்தான். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து வந்த காற்று அவளுடைய இடது மணிக்கட்டில் பட்டது. காலையில் அதில் புது பிளாஸ்டிக் வாசனை இருந்தது. இப்போது வேறு ஏதோ. மழையில் நனைந்த சாக்கு மாதிரி. அதற்கும் அடியில், புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து மாதிரி.

எண்பதாவது சீட்டில் எண் மாறியது. முப்பத்தெட்டு.

நல்லதுதான், ஏறத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்த எண் அவளுக்குத் தெரிந்த எண். நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பாவின் கக்கத்திலிருந்து எடுத்த காய்ச்சல் கருவியில் பார்த்தது.

அப்பா பிச்சைமுத்துவின் வலது காலில் பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பழக்குலை விழுந்தது. பூட்ஸோடு பாதம் நசுங்கி, ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அவர் நடப்பது வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். நல்ல கால் தொப்பென்று விழும். மற்ற கால் சர்ரென்று இழுபடும். தொப். சர்ர். சர்க்கரை வந்த பிறகு அதே இடம் வீங்கியது, பிறகு வெடித்தது.

தொப். சர்ர்.

பவானி விசையிலிருந்து கையை எடுத்தாள். திரையில் எழுத்துகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. அவள் முன்பே தட்டி, வராமல் மீதியிருந்தவை. ஒன்று உடனே. ஒன்று இழுத்து.

முப்பத்தொன்பது.

மணி நான்கு ஆகப் பத்து நிமிடம். மறுபடி அண்ணனைக் கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"என்னாம்மா, அழுறியா?"

"இல்ல. ஏறுது."

"எவ்ளோ?"

"முப்பத்தொம்போது."

"அதுக்கா? அது ஒன்னுமே இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "காத்தாடிக்குப் பக்கத்துல செம்புத் தகடு இருக்கும்ல, அத அமுக்கிப் பிடிக்க நாலு ஸ்குரூ வரும். நாலும் போட்டியா?"

"ஒன்னு தண்ணி போற ஓட்டைக்குள்ள உருண்டு போயிருச்சுண்ணே. அப்பா ஸ்குரூ போட்டு வச்ச பிஸ்கட் டின்லேருந்து ஒன்னு எடுத்துப் போட்டேன்."

மறுமுனையில் வொர்க்‌ஷாப் சத்தம் கேட்டது. யாரோ டயரைச் சுத்தியலால் தட்டினார்கள்.

"அண்ணே?"

"துருப் புடிச்சிருந்திச்சா அது?"

"இல்ல. டின்லயே அது ஒன்னுதான் பளபளன்னு இருந்திச்சு. தலையில நட்சத்திர ஓட்டை."

"பவானி. அப்பா சாம்பல் எடுக்கப் போனப்ப அங்க உள்ள ஆளு பேப்பர்ல மடிச்சுக் குடுத்தாருலா. அவரு கால்ல இருந்த தகடும் ஸ்குரூவும். இது கரையாது, கடல்ல போடாதீங்கன்னாரு. வீசவும் மனசு வரல. ஒரு ஸ்குரூவக்கூட வீசாதன்னு அப்பாதான சொல்வாரு. நான்தான் அந்த டின்ல போட்டேன். ஒங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

உம்பாய்க் கடற்கரையில் அப்பாவின் சாம்பலைப் பாலோடு கரைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எல்லாம் கரைந்தது என்று அன்று நினைத்தாள். நேற்று அந்த ஸ்குரூவைத் திருகியதும் ஞாபகம் வந்தது. கடைசிச் சுற்றில் அது கறகறவென்று இறங்கியது. உலோகத்தில் இறங்குவது போல இல்லை.

"மூடிட்டுக் கழட்டிரு. இப்பவே," என்றான் வசந்தன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். கழற்றினால் மூன்று ஸ்குரூவில் ஓடாது. ஓடினாலும் மறுபடி பூட்டுவதற்குள் ஐந்து தாண்டிவிடும். இன்னும் நாற்பத்திரண்டு சீட்டு.

"இத முடிச்சுட்டுக் கழட்டுறேண்ணே."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் காதில் விழுந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட செவ்வாய்க்கு அடுத்து வந்த வியாழக்கிழமையும் இதே மேசை. இதே கணினி. காலை ஒன்பது மணிக்கே அப்பா தலையைத் தண்ணீர் தொட்டுச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டு, அடையாள அட்டையையும் ஆஸ்பத்திரி அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு, இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கீழே ஒரு பழைய பேப்பர் விரித்து அதன்மேல் அந்தக் காலை வைத்துக்கொண்டார், தரை அழுக்காகாமல் இருக்க.

"இத முடிச்சுட்டுக் கூட்டிட்டுப் போறேம்ப்பா."

"சரிம்மா. அவசரமில்ல."

பதினொரு மணிக்கு ஒரு தடவை கேட்டார், "முடிஞ்சிருச்சாம்மா?" இரண்டு மணிக்கு ஒரு தடவை. அதற்கப்புறம் கேட்கவில்லை. தொந்தரவு செய்யாமல் இருக்கிறார் என்று நினைத்தாள். ஐந்தரைக்கு எழுந்து போய்த் தோளைத் தொட்டபோது உடம்பு கொதித்தது, கண் திறக்கவில்லை. அவரை ஆம்புலன்ஸ்தான் கொண்டுபோனது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, காலையிலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் பெண் சொன்னாள். அன்று இரவே அவர் போய்விட்டார்.

நாற்பது.

பவானி தட்டினாள். இரும்புக் கதவுப் பக்கம் முதுகைக் காட்டியபடி, திரையைத் தவிர வேறெதையும் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்து தட்டினாள். ஓட்டையிலிருந்து வந்த காற்று இப்போது சுட்டது; மஞ்சள் மருந்தும், புண்ணை மறைக்கப் போட்ட பவுடரும், அந்த இரண்டாலும் மறைக்க முடியாததும் அதில் இருந்தன. தட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தட்டினாள். இருபது சீட்டு. பதினைந்து.

நாற்பத்தொன்று.

முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் சிமெண்டில் உரசியது.

அந்த நாற்காலியைக் கருமாதிக்கு அடுத்த நாளே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பது சீட்டு.

பேப்பர் விரிக்கும் சத்தம்.

"இருங்கப்பா," என்றாள் அவள், திரும்பாமல். "இன்னும் கொஞ்சந்தான்."

மழை மட்டும். நான்கு சீட்டு. இரண்டு. ஒன்று.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்க, அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது. மிஷேலிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

எண் இறங்கத் தொடங்கியது.

முப்பத்தெட்டு. முப்பத்தைந்து. அவசரமே இல்லாமல். முப்பத்திரண்டு. அவள் அந்த எண்ணைக் கையால் பிடிப்பது போலத் திரையில் உள்ளங்கையை வைத்தாள். முப்பது. இருபத்தெட்டு. அறையின் சூடு எவ்வளவோ அவ்வளவு. அங்கே நின்றது.

காத்தாடி நின்றது.

மழையும் விட்டது.

திரும்பினாள்.

நீல நாற்காலி. வெள்ளைச் சட்டை. தண்ணீர் தொட்டுச் சீவிய தலை. சட்டைப் பையில் இரண்டு அட்டைகள். கீழே விரித்த பேப்பரில் வலது கால். பாதத்தின் மேல் ஒரே வரிசையில் ஆறு ஓட்டைகள். ஐந்தில் ஏதோ மின்னியது. ஒன்று வெறும் ஓட்டை. அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், பொறுமையாக, தொந்தரவு செய்யாமல்.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னது இன்னும் பாக்கி.