வெளிச்சம் தெரியுது

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலையில் நானும் என் தம்பி மகளும் அந்தப் பழைய லாரி நிறுத்தத்துக்குள் நுழைந்தோம். டிரெய்லர் மாட்டாத வெறும் முன்வண்டியை அவள்தான் ஓட்டினாள். விடிந்ததிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள், கண்கள் சிவந்து, பேச்சு குறைந்துபோயிருந்தது. எங்கள் டிரெய்லரை விற்றாகிவிட்டது. ஆனாலும் வாங்கியவரிடம் அதை எங்கள் வீட்டு ஆள்தான் கொண்டுபோய் விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

கடைசி மூலையில், சுவரை ஒட்டி நின்றது அது. துருவும் பழைய கிரீஸும் நாறின. முன்பக்கத்தை இரண்டு இரும்புக் கால்கள் தாங்கியிருந்தன. அந்தக் கால்களுக்கு நடுவில்தான் என் தம்பி செத்தான். கால்களைத் தூக்கியதும், சரியாக மாட்டாத டிரெய்லர் நழுவி அவன்மேல் இறங்கிவிட்டது.

காவலாளி குடையோடு வந்தான். "டார்ச் வீட்டு ஆளுங்களா? வாங்க."

டார்ச் என்பது தம்பிக்கு ஓட்டுநர்கள் வைத்த பட்டப்பெயர். வண்டியை மாட்டியதும் டார்ச்சோடு அடியில் நுழைந்து பார்க்காமல் அவன் கிளம்ப மாட்டான். முன்வண்டியின் தட்டும் டிரெய்லரின் அடித்தகடும் ஒட்டியிருந்தால் இடையில் மறுபக்கத்து வெளிச்சம் தெரியாது. தெரிந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். "வெளிச்சம் தெரியல, பிடிச்சாச்சு" என்று உள்ளிருந்து குரல் கொடுத்த பிறகே வெளியே வருவான்.

"தெனமும் பார்த்த மனுஷன், அன்னிக்கு மட்டும் பார்க்காம விட்டுட்டாரே," என்று காவலாளி உச்சுக்கொட்டினான்.

"என் தம்பி பார்க்காம விட்டிருக்க மாட்டான்."

"நீங்க கூட இருந்தீங்களாய்யா?"

நான் டிரெய்லர் பக்கம் திரும்பிக்கொண்டேன். தம்பி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அலட்சியத்தால் போனான் என்ற பேச்சைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். அவள் நேர்கோட்டில் மெல்லப் பின்னால் வந்தாள். தட்டு அடியில் நுழைந்தது. 'க்ளக்' என்று ஒரு சத்தம். முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். டிரெய்லர் அசையாமல் நின்றது.

இறங்கி வந்து காற்றுக் குழாய்களை மாட்டிவிட்டு, கால்களைத் தூக்கும் கைப்பிடியில் கை வைத்தாள்.

"குனிஞ்சு பார்த்தியாம்மா?"

"இழுத்துப் பார்த்தேனே பெரியப்பா. நிக்குதே."

"உங்கப்பா..."

"அந்த எடத்துல என்னால குனிய முடியாது பெரியப்பா. விட்டுடுங்க." கைப்பிடியை விடாமலே சொன்னாள். "ரொம்ப அசதியா இருக்கு. போயிடலாம்."

அதற்குமேல் என்னாலும் வற்புறுத்த முடியவில்லை.

அவள் கைப்பிடியைச் சுற்றினாள்.

சுற்றவில்லை.

இரண்டு கையாலும் அழுத்தினாள். யாரோ அந்தப் பக்கம் இறுகப் பிடித்திருப்பதுபோல் அது நின்றது. மழைச் சத்தம்கூட அடங்கிப்போனது.

அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மூச்சு வாங்கிய, அலுத்துப்போன குரல்.

"வெளிச்சம் தெரியுது."

அவள் கைப்பிடியை விட்டுவிட்டாள். "பெரியப்பா... கேட்டுச்சா?"

காவலாளியின் குடை சரிந்து தொங்கியது. அவனுக்கும் கேட்டிருந்தது.

யார் முன்னாலும் முதுகை வளைத்தவன் அல்ல நான். அன்று சேற்றில் முழங்கால் போட்டு, தலையை அடியில் நீட்டினேன். ஒரே இருட்டு. எதிரே யாரோ படுத்திருப்பதுபோல் சூடான மூச்சு முகத்தில் பட்டது.

பிறகு அந்த இருட்டு ஒதுங்கி எனக்கு வழிவிட்டது.

தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, கத்தி முனைபோல, சாம்பல் நிற வெளிச்சம். டிரெய்லர் உயரமாக நின்றதால் அதன் அடியிலிருக்கும் முளை, தட்டிலுள்ள பூட்டின் தாடைக்குள் இறங்காமல் மேலேயே தொத்திக்கொண்டிருந்தது. கால்களைத் தூக்கிக் கிளம்பியிருந்தால் முதல் பள்ளத்திலேயே நழுவியிருக்கும்.

"முன்னால எடும்மா," என்றேன். எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.

குழாய்களைக் கழற்றி, பூட்டை விடுவித்ததும் முன்வண்டி விலகியது. இப்போது கைப்பிடி வெண்ணெய்போலச் சுற்றியது. டிரெய்லரைச் சற்று இறக்கினோம். அவள் மறுபடி பின்னால் வந்து மாட்டினாள், இழுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை நான் சொல்லவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, அவளே அந்த இடத்தில் குனிந்தாள்.

"தாடை மூடியிருக்கு. வெளிச்சம் தெரியல," என்றாள் உள்ளிருந்து.

அவள் பக்கத்திலேயே அந்தக் குரல், தூக்கம் வந்தவன்போல, முடித்து வைத்தது.

"பிடிச்சாச்சு."

வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டான். வண்டி அவனைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். அவனிடம் நான் மன்னிப்பு எதையும் கேட்டுவாங்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பகலில் டிரெய்லரை வாங்கியவரின் இடத்துக்குக் கொண்டுபோய்க் கழற்றிவிட்டோம். தம்பி அந்த மூலையிலேயே தங்கிவிட்டான், இனி ஓய்வெடுப்பான் என்று நினைத்தேன். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வாங்கியவரின் ஓட்டுநர் எரிச்சலோடு வந்தான்.

"ஐயா, நான் வண்டியை மாட்டிட்டேன், கெளம்பணும். உங்க ஆளைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்க. அடியில படுத்துக்கிட்டு, வெளிச்சம் தெரியுது, வெளிச்சம் தெரியுதுன்னு உயிரை வாங்கறாரு."

தம்பி மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"யாருங்க அவரு?"

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

"என் தம்பி. அவன் சொல்றபடி செய்யப்பா," என்றேன். "அவன் பார்க்காம விடமாட்டான்."